குழந்தைப் படநூலும் திணைத் தேர்வும்: பீட்டர் முயல் கதையை முன்வைத்து

1. முன்னுரை

வீட்டை விட்டு வெளியே சென்று உலகத்தைக் காண விழையும் விலங்குக் குட்டியின் கதை, குழந்தைகளுக்கான படநூல்களில் பல மொழிகளிலும் பயின்றுவரும் ஒரு கதை வகையாகும். தாய் தடுக்கிறாள், குட்டி செல்கிறது, புதியவற்றைக் காண்கிறது, அஞ்சுகிறது, வீடு திரும்புகிறது. இச்சுருக்கத்திலேயே தாய் உயர்திணை முடிபும் குட்டி அஃறிணை முடிபும் பெற்று வந்துள்ளமை நோக்கத்தக்கது. இத்தகைய நூலொன்றைத் தமிழில் தருவோர் முதல் வாக்கியத்திலேயே இச்சிக்கலை எதிர்கொள்கின்றனர். குட்டி 'சென்றது' என்பதா, 'சென்றான்' என்பதா? 'அது' என்பது அன்பற்ற சொல் எனக் கருதி 'அவன்' என மாற்றுவது பொருத்தமா என்பதை ஓர் ஆங்கிலப் படநூலின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

2. நூலும் கதையும்

பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதி வரைந்த 'பீட்டர் முயலின் கதை' முதலில் நூலாகத் தோன்றியதன்று. 1893 செப்டம்பர் 4ஆம் நாள், நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்கு அவர் எழுதிய படக் கடிதமே அதன் தொடக்கம். 1901 டிசம்பரில் அவர் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். 1902இல் பிரெடரிக் வார்ன் நிறுவனம் அதனை வண்ணப் படங்களுடன் வெளியிட்டது.

கதை எளியது. திருவாளர் மெக்கிரெகரின் தோட்டத்திற்குள் மட்டும் செல்லக்கூடாது எனத் தாய்முயல் தன் நான்கு குட்டிகளிடமும் சொல்லிச் செல்கிறது. அங்குப் போன தந்தைமுயல் மெக்கிரெகர் வீட்டு உணவாகிவிட்டது. சகோதரிகள் மூவரும் சொற்படி நடக்க, பீட்டர் மட்டும் வேலிக்கதவின் அடியில் நுழைகிறது. கீரையும் அவரையும் முள்ளங்கியும் தின்கிறது, தோட்டக்காரரின் கண்ணில் படுகிறது, துரத்தப்படுகிறது. ஓட்டத்தில் ஒரு காலணி முட்டைக்கோசு நடுவிலும் மற்றொன்று உருளைக்கிழங்குச் செடிகளிடையிலும் கழன்று விழுகின்றன. நீலச் சட்டையின் பெரிய பொத்தான்கள் வலையில் சிக்கிக்கொள்ள, சட்டையைக் கழற்றி விட்டுவிட்டுத் தப்புகிறது.

3. ஆங்கில மூலத்தில் பால் வேறுபாடு

ஆங்கிலத்தில் வினைச்சொல் பால் காட்டுவதில்லை. படர்க்கை ஒருமைப் பெயர்களே காட்டுகின்றன. பொதுவாக விலங்கை அஃறிணைப் பெயரால் சுட்டும் அம்மொழி, கதைமாந்தராகும் விலங்கை ஆண் அல்லது பெண் எனக் கொள்ளும். கதைக்குள் வரும் குட்டியை அஃறிணைப் பெயரால் சுட்டினால் எட்ட நின்று நோக்கும் தொனி பிறக்கும். எனவே பாட்டர் பீட்டரை ஆண்பாற் பெயராலேயே சுட்டுகிறார்.

சொல் மாறாதிருக்கப் படம் மாறுகிறது. சட்டை அணிந்து இரு காலில் நிற்கும் பீட்டர், காலணிகளை இழந்தபின் நான்கு காலால் ஓடுகிறது. முன்னிலும் விரைந்து ஓடுகிறது. சட்டையும் போனபின் படத்தில் எஞ்சுவது ஒரு முயல் மட்டுமே. சிறுவனாகத் தோட்டம் புகுந்தது விலங்காக மாறி உயிர் பிழைக்கிறது. இம்மாற்றத்தை ஆசிரியர் விளக்கவில்லை. குழந்தையே படத்தில் கண்டுகொள்கிறது.

4. தமிழில் திணை

தமிழில் நிலைமை வேறு. படர்க்கைத் தெரிநிலை வினைமுற்று பெரும்பாலும் திணையைக் காட்டும். பக்கத்திற்கு ஓரிரு வாக்கியங்களே அமையும் படநூலில் ஒவ்வொரு பக்கமும் திணையை அறிவித்துவிடும்.

4.1 'அது' அன்பற்றதா?

ஆங்கில அஃறிணைப் பெயரும் தமிழின் 'அது'வும் ஒன்றெனக் கொள்வதே மொழிபெயர்ப்பில் நேரும் முதற்பிழை. 'குழந்தை அழுகிறது', 'பாப்பா தூங்குகிறது' என்பன இன்றைய வழக்கு. இவற்றில் இகழ்ச்சியோ விலக்கமோ இல்லை. இது புதிய வழக்கும் அன்று. பொருளால் உயர்திணையாக நின்றும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொகுத்துக் கூறும் தொல்காப்பியக் கிளவியாக்கம், அவற்றுள் மகவு, குழவி என்னும் இரண்டையும் சேர்த்துள்ளது.

அதே தொல்காப்பியத்தின் மரபியல், விலங்கு பறவைகளின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைக் கூறுகிறது. குரங்கின் இளமை மகவு எனவும் யானையின் இளமை குழவி எனவும் பெயர் பெறும். முயலுக்குரிய பெயர் குருளை; இன்று அது குட்டி என்றே வழங்குகிறது. மனிதக் குழந்தைக்கும் விலங்கின் குட்டிக்கும் பெயரும் முடிபும் பொதுவாக அமையும் இடம் தமிழில் பண்டே உண்டு என்பது இதனால் பெறப்படும். மடியில் அமர்ந்து கதை கேட்கும் குழந்தையைப் பற்றி வீட்டார் 'சாப்பிட்டது', 'தூங்கியது' என்கின்றனர். கதையில் வரும் குட்டியும் சாப்பிட்டது, தூங்கியது. இந்த ஒப்புமையை ஆங்கிலம் தர இயலாது. தமிழ் இயல்பாகவே தருகிறது.

'அது' தரும் மற்றொரு பயனும் உண்டு. ஆங்கிலம் குட்டியை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கியே தீரும். 'சென்றது' என்னும் முற்று பாலைத் திறந்தே விடுகிறது; கேட்கும் சிறுமியும் சிறுவனும் ஒருசேரக் குட்டியைத் தம்மவராகக் கொள்ளலாம்.

4.2 'அவன்' எப்போது?

எனினும் 'அவன்' எங்கும் பிழை எனல் பொருந்தாது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருவதை நன்னூல் ஏற்கிறது. பசுவைத் தாயெனப் போற்றி 'வந்தாள்' என்பது உவப்பின் பாற்படும். வளர்ப்பு நாயை 'வந்துட்டான்' என வீட்டார் கூறும் இன்றைய பேச்சு வழக்கும் அதுவே.

இவ்வழக்கில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. இனப்பெயரால் சுட்டப்படும் நாய் 'வந்தது' என்றே பெரும்பாலும் முடியும்; இயற்பெயர் இட்டு அழைக்கப்படும் நாய் 'வந்தான்' என முடியும் வாய்ப்பு மிகும். ஆகவே பீட்டர் என்னும் பெயர் உயர்திணையை நாடும்; முயல்குட்டி என்னும் பெயர் அஃறிணையை நாடும். கதையில் இரண்டும் இருப்பதே சிக்கலுக்குக் காரணம்.

பெயரே இல்லாத குட்டிக்கு இச்சிக்கல் எழாது. பி. டி. ஈஸ்ட்மன் 1960இல் வெளியிட்ட 'நீ என் அம்மாவா?' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், முட்டையிலிருந்து வெளிவந்த பறவைக்குஞ்சு தாயைத் தேடிப் புறப்படுகிறது. பூனைக்குட்டி, கோழி, நாய், பசு ஆகியவற்றைக் கண்டபின் படகையும் விமானத்தையும்கூடத் தாயோ என ஐயுறுகிறது. தமிழில் பசுவும் படகும் ஒரே திணை. குஞ்சின் மயக்கம் தமிழ் இலக்கணத்திற்குள் இயல்பாகவே அடங்குகிறது.

5. திணை காட்டாத வடிவங்கள்

திணையை வெளிப்படுத்தாது கதையை நகர்த்தும் வாயில்களும் தமிழில் பல உள்ளன.

(அ) வினையெச்சம்: 'வேலிக்கு அடியில் நுழைந்து, கீரையைத் தின்று, முள்ளங்கியைக் கடித்து...' என அடுக்கிச் செல்கையில் திணை தோன்றாது. பக்கத்தின் இறுதியை எச்சத்தில் நிறுத்தினால் முற்றைத் தேடிக் குழந்தை அடுத்த பக்கத்தைப் புரட்டும். திணையை மறைக்கும் வடிவமே ஆவலையும் தூண்டுகிறது.

(ஆ) தன்மை, முன்னிலை: 'நான்', 'நீ' ஆகியன இருதிணைப் பொது. விலங்குகள் தம்முள் உரையாடும்போது திணைச் சிக்கல் எழுவதில்லை.

(இ) 'தான்', 'தன்': 'தன் சட்டை', 'தன் தாய்' என வருவனவும் பொதுவே.

(ஈ) நான்காம் வேற்றுமை எழுவாய்ப் பொருளில் வருதல்: தந்தையின் முடிவைத் தாய் கூறும் இடம் நுட்பமானது. 'அப்பா இறந்தார்' எனின் துயரம் மிகும். 'அப்பா இறந்தது' என எந்தத் தாயும் கூறாள். 'உங்கள் அப்பாவுக்கு அங்கேதான் தீங்கு நேர்ந்தது' எனின் முற்று தீங்கினோடு இயைய, உறவின் மதிப்பும் குறையாது.

6. இரு நிலைகள்

தமிழ் நாட்டார் கதைகள் இச்சிக்கலை முன்பே தீர்த்துள்ளன. காகமும் நரியும் வரும் கதையில் கதைசொல்லியின் கூற்று 'நரி சொன்னது' என அஃறிணையில் அமையும்; நரியின் கூற்றோ உறவுப் பெயரும் விளியும் கொண்டு மனிதர் பேச்சாகவே அமையும். புற உலகின் கண்ணுக்கு விலங்கு. தன் உலகத்துக்குள் அது தாய், பிள்ளை, அண்ணன். இவ்விரு நிலைகளையும் பேணினால் பீட்டரின் கதை சிதையாது. பீட்டர் தோட்டக்காரருக்கு ஒரு முயல் மட்டுமே, தாய்க்கோ பிள்ளை. கதையின் அச்சமும் ஆறுதலும் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. கதைசொல்லியின் கூற்று முழுவதையும் 'அவன் ஓடினான்' என ஆக்கினால், துரத்தப்படுவது ஒரு சிறுவன் என்றாகிவிடும். சட்டை கழன்றபின் படம் காட்டும் முயலுக்கும் சொல்லுக்கும் இயைபு குன்றும்.

கதையின் நடுவே 'அவன்' என்பதை 'அது' எனத் திடீரென மாற்றுவதும் ஏற்புடையதன்று. மாற்றத்தைக் காட்டும் பணி படத்தினுடையது. சொல்லும் அதனையே செய்யின் குழந்தை கண்டுபிடிக்க எதுவும் எஞ்சாது.

7. முடிவுரை

தமிழில் 'அது' என்பது அன்பின்மையின் அடையாளமன்று. குழந்தைக்கும் குட்டிக்கும் பொதுவான வடிவம். உவப்பால் 'அவன்' வரும் இடங்கள் உண்டு; அவை கதையின் தேவையால் அமைய வேண்டுமேயன்றி, ஆங்கிலத்தில் ஆண்பாற் பெயர் உள்ளது என்பதனால் அமைதல் கூடாது. வீட்டில் 'வந்துச்சு' எனக் கேட்டுப் பழகும் குழந்தை 'வந்தது' என்னும் எழுத்து வழக்கை முதன்முதலாகக் கேட்பது பெரும்பாலும் இத்தகைய கதைகளிலேதான். அங்குத் திணை இயைபு வேற்றுமொழியின் நிழலாக அமையுமானால், குழந்தை இழப்பது ஒரு விகுதியை மட்டுமன்று. தன்னையும் குட்டியையும் ஒரே சொல்லால் அணைக்கும் தன் மொழியின் இயல்பையும் இழக்கிறது.