பள்ளி நட்பில் மலர்ந்த இசைக்குழு

ஸ்கா என்பது 1950களின் இறுதியில் ஜமைக்கா தீவில் தோன்றிய துள்ளலிசை. தாள அடிகளுக்கு இடையே கித்தார் அழுத்தமாக ஒலிப்பதும் டிரம்பெட் போன்ற ஊதுகருவிகள் முழங்குவதும் இதன் சிறப்புகள்.

இவ்விசையை அமெரிக்காவில் வளர்த்த குழுக்களுள் ஒன்று ஃபிஷ்போன். 1979இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கறுப்பின மாணவர்கள் அறுவர் இதனைத் தொடங்கினர். அக்காலத்தில், பல இன மாணவர்களும் ஒன்றாகப் பயில வேண்டும் என்பதற்காக, மாணவர்களைத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பும் திட்டம் இருந்தது. அவ்வாறு நகரின் தென்பகுதியிலிருந்து சென்ற ஐவர், புதிய பள்ளியில் ஏஞ்சலோ மூரைச் சந்தித்தனர். அந்த நட்பே இசைக்குழுவாக மலர்ந்தது.

அவர்கள் ஸ்காவோடு ராக், ஃபங்க், பங்க் ஆகிய இசைவகைகளையும் கலந்தனர். கறுப்பினக் கலைஞர்கள் இன்ன வகை இசையைத்தான் படைப்பார்கள் என்று இசைத்துறை எதிர்பார்த்த காலம் அது. இதுவும் ஒரு காரணமாக, அவர்களின் இசைத்தட்டுகள் பெரிய அளவில் விற்பனையாகவில்லை. ஆனால், அவர்களின் இசையால் ஈர்க்கப்பட்ட நோ டவுட் குழு 1990களில் உலகப் புகழ் பெற்றது.

ஃபிஷ்போன் குழுவிலிருந்து பலர் விலகினர், புதியவர்கள் இணைந்தனர். மூர் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்குழுவில் தொடர்ந்து பாடி வருகிறார். விற்பனை எண்ணிக்கை மட்டுமே ஒரு கலைஞரின் வெற்றியை அளந்துவிடுமா?