ஒரே தேதி, பல வருடங்கள்: அப்பாவின் டைரியும் ஒரு ஒர்க் ஷீட்டும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது: "லெட்டர் டைப் செய்கிறேன், படம் பார்க்கிறேன். வேறு என்ன செய்யலாம்?" என்னிடம் கேட்டால் ஒரு பதில் சொல்வேன். உங்கள் வீட்டின் பழைய டைரிகளையும் போட்டோக்களையும் எடுங்கள். அவற்றை வருட வாரியாக அல்ல, நாள் வாரியாக அடுக்குங்கள். அதாவது, நவம்பர் 10 என்றால் எல்லா வருடங்களின் நவம்பர் 10-ம் ஒரே இடத்தில் வர வேண்டும்.

எதற்காக என்று கேட்கிறீர்களா? என் அனுபவத்தையே சொல்கிறேன்.

என் வீடு குன்னூரில். அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தவர். தினமும் இரவு டைரி எழுதுவார். மழை, உறைபனி, இலை வரத்து, வீட்டுச் செலவு என்று நாளுக்கு இரண்டு மூன்று வரிதான். அவர் மறைந்த பிறகு டைரிகள் அட்டைப் பெட்டியில் கிடந்தன. நீலகிரியின் ஈரத்தில் காகிதம் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பூசணம் பிடிப்பதற்குள் டைப் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான்கு நெட்டு வரிசை போதும்

எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரியில் நான்கு தலைப்புகளை டைப் செய்யுங்கள்: மாதம், தேதி, வருடம், குறிப்பு. ஒவ்வொரு டைரிக் குறிப்பும் ஒரு வரி.

"தேதியை ஒரே கட்டத்தில் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். 10/11/2009 என்று டைப் செய்தேன். நமக்கு அது நவம்பர் 10. ஆனால் என் கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. அங்கே மாதம்தான் முதலில் வரும். எனவே அது அக்டோபர் 11 என்று எடுத்துக்கொண்டது. எந்த எச்சரிக்கையும் தரவில்லை. பல நாள் வேலை வீணானது. உங்கள் விண்டோஸில் ரீஜன் பிரிவுக்குச் சென்று, இங்கிலீஷ் இந்தியா என்று இருக்கிறதா எனப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸெல்லின் காலண்டர் 1900 ஜனவரி 1-ல்தான் தொடங்குகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது 1899-ல். அந்த நாளை எக்ஸெல்லில் டைப் செய்தால், அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். தனித்தனி வரிசைகளில் எண்களாகப் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

குறிப்புகளைத் தமிழிலேயே டைப் செய்யலாம். ஆனால் யூனிகோட் முறையிலேயே செய்யுங்கள். பழைய எழுத்துரு முறைகளில் டைப் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும். தேடவும் முடியாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் போனடிக் கீ போர்டு உள்ளேயே இருக்கிறது.

வரிசைப்படுத்துவது எப்படி?

டைப் செய்த பகுதியில் ஏதாவது ஒரு கட்டத்தில் கிளிக் செய்யுங்கள். டேட்டா டேப்பில் சார்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் முதலில் மாதம் என்று கொடுங்கள். பின் ஆட் லெவல் அழுத்தி தேதி. மீண்டும் ஆட் லெவல் அழுத்தி வருடம். ஓகே செய்திடுங்கள். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு நெட்டு வரிசையை மட்டும் செலக்ட் செய்துவிட்டு சார்ட் செய்யாதீர்கள். தேதிகள் மட்டும் இடம் மாறி, குறிப்புகள் பழைய இடத்திலேயே நிற்கும். 1993-ன் மழை 2006-க்குப் போய்விடும். எக்ஸெல் "எக்ஸ்பாண்ட் த செலக்சன்" என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். தவறு நடந்துவிட்டால் உடனே கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தி மீளலாம்.

நவம்பர் என்ன சொன்னது?

நான் சார்ட் செய்து முடித்து, ஸ்குரோல் செய்துகொண்டே வந்தேன். நவம்பரில் நின்றுவிட்டேன். எங்கள் பழைய வீடு ஒரு சரிவுக்குக் கீழே இருக்கிறது. அம்மா அங்கே தனியாக இருந்தார். திரையில் அடுத்தடுத்து இருந்த வரிகள் இவை:

11 | 8 | 1996 | பின்சுவர் ஓரம் ஈரம். வாய்க்கால் வெட்டினேன்.
11 | 9 | 2006 | பின்சுவரில் தண்ணீர் கசிகிறது.
11 | 10 | 2009 | இரவு முழுக்க மழை. பின்சுவர் விழுந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில்.
11 | 11 | 1993 | மரப்பாலத்தில் மண் சரிவு. ரோடு இல்லை. வீட்டுக்குள் தண்ணீர்.

நான்கு டைரிகள். நான்கு வருடங்கள். தனித்தனியாகப் படித்தபோது இவை சாதாரணக் குறிப்புகளாகத்தான் தெரிந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தபோதுதான் அந்தச் சுவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது புரிந்தது. "நவம்பர் வந்தாலே எனக்கு பயமாக இருக்கிறதப்பா" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் "எல்லா மாசமும்தான் மழை பெய்யுது, விடும்மா" என்று சொன்னவன் நான்.

டைரியில் உள்ள இரண்டு நாட்கள் மலை மக்கள் யாரும் மறக்காதவை. 1993 நவம்பர் 11-ல் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மண் சரிந்து உயிர்ப்பலி ஆனது. 2009 நவம்பர் 10-ல் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.யைத் தாண்டி மழை கொட்டியது. அந்த நாட்களில் மாவட்டம் முழுக்க நிகழ்ந்த மண் சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

தேதியில் மந்திரம் இல்லை

இதைப் படித்துவிட்டு நவம்பர் 10 ராசியில்லாத நாள் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் பருவமழை. குன்னூர், கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கனமழை அதிகம். மேற்கே கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழையின் பிடியில் உள்ளவை. அவலாஞ்சியில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது 2019 ஆகஸ்ட் 8-ல். கூடலூர்க்காரர் ஒருவர் இதே போல ஷீட் தயாரித்தால் அவர் ஆகஸ்டில்தான் நின்றிருப்பார்.

எனவே சரியாக ஒரு நாளை மட்டும் பார்க்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்துப் பாருங்கள். ஷீட் ஜோசியம் சொல்லாது. எங்கே கவனிக்க வேண்டும் என்று மட்டும் காட்டும்.

போட்டோக்களுக்கும் இதே முறை

டிஜிட்டல் போட்டோ பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், பின் டீட்டெய்ல்ஸ் செல்லுங்கள். டேட் டேக்கன் என்று இருப்பதே படம் எடுத்த நாள். டேட் மாடிஃபைட் என்பது பைல் கடைசியாக மாற்றப்பட்ட நாள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேமராவில் கடிகாரம் தவறாக இருந்தால் டேட் டேக்கனும் தவறாகவே இருக்கும். அங்கேயே கிளிக் செய்து திருத்தலாம். பழைய பிரிண்ட்டை ஸ்கேன் செய்தால், அது எடுக்கப்பட்ட நாள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. படத்தின் பின்புறம் எழுதியிருப்பதைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பைல் பெயரை 11-10-2009-கேத்தி என்பது போல மாதம், தேதி, வருடம் என்ற வரிசையில் கொடுங்கள். ஒற்றை இலக்க மாதத்துக்கு முன் பூஜ்யம் சேருங்கள்: 3 அல்ல, 03. சாய்வுக் கோட்டை விண்டோஸ் பைல் பெயரில் ஏற்காது. சிறு கோடு போடுங்கள். இப்போது போல்டரைத் திறந்தால் ஒரே நாளின் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

பேஸ்புக் 2015 முதல், பழைய வருடங்களில் அதே நாளில் நாம் போட்டவற்றைத் தானே எடுத்துக் காட்டி வருகிறது. கூகுள் போட்டோஸிலும் இந்த வசதி உண்டு. ஆனால் நீங்கள் அதற்குக் கொடுத்ததைத்தான் அது காட்டும். அப்பாவின் டைரி அதில் இல்லை.

இன்னும் ஒன்று. திவசம், கோயில் திருவிழா போன்றவை திதி, நட்சத்திரம் பார்த்து வருபவை. ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். இவற்றுக்கு ஐந்தாவதாக ஒரு வரிசை சேர்த்து, தமிழ் மாதமும் திதியும் எழுதி வையுங்கள்.

வேலை முடிந்ததும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் அதே வீட்டில் காப்பியும் இருந்தால் ஆபத்து வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

அந்த வருடமே சுவருக்குப் பின்னால் வடிகால் அமைத்தோம். இப்போதெல்லாம் அக்டோபர் கடைசியில் அம்மா என் வீட்டுக்கு வந்துவிடுவார். டிசம்பரில்தான் திரும்புவார். ஷீட்டில் நவம்பர் பகுதியை அவரே படித்துப் பார்ப்பார். சென்ற முறை ஒரு புதிய வரி சேர்க்கச் சொன்னார்: "மழை. சுவர் நன்றாக இருக்கிறது."

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். இன்றைய தேதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, முதல் வரியை இன்றே டைப் செய்யுங்கள்.