பாடசாலை முகாமைத்துவக் குழுவும் அரைப்பேரும்

இலங்கையில் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி அரசு பொறுப்பேற்றபோது, மதச் சபைகளினதும் தனியாரினதும் கையிலிருந்த நிருவாக அதிகாரம் திணைக்களத்தின்பாற் சென்றது. அது முற்போக்கான மாற்றமே. ஆயின், அவ்வதிகாரம் அங்கிருந்து ஊரவரிடம் வந்து சேரவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கான 1993 ஆம் ஆண்டுச் சட்டமும், 2006 இல் அறிமுகமான பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகள் எனலாம். பிந்தியது ஆசிரியர்களைக் கொண்ட முகாமைத்துவக் குழுவையும், பெற்றோரும் பழைய மாணவரும் இடம்பெறும் அபிவிருத்திக் குழுவையும் வகுத்தது.

இக்குழுக்கள் செவ்வனே இயங்காமைக்குப் பயிற்சியின்மையே காரணமென்பர். இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆயினும் மலையகத் தோட்டப் பாடசாலையொன்றை மனங்கொண்டு நோக்குமிடத்து வேறொரு காரணம் புலப்படும். கூட்டம் வேலைநாளில் முற்பகல் பத்து மணிக்குக் கூட்டப்படுகின்றது. அதிபருக்கும் கல்வி அலுவலருக்கும் அது கடமை நேரம். கொழுந்து பறிக்கும் தாய்க்கோ அன்றைய பேர் பறிபோகும். அல்லது அரைப்பேரே கிட்டும். குழுவில் அமர்வதற்காகத் தம் ஊதியத்தை இழப்பவர் அவர் ஒருவரே. எனவே, நிலையான சம்பளமோ சிறு வணிகமோ உடையவரே பெற்றோரின் பிரதிநிதியாகின்றார். இஃது அக்கறையின்மையன்று, வர்க்க நிலைமையின் விளைவு.

மாலையிற் கூடலாமே எனின், கொழுந்து நிறுத்துப் பிள்ளைக் காம்பராவிற் குழந்தையை எடுத்துக்கொண்டு லயம் திரும்பும் பெண்ணுக்கு அடுப்பு வேலை காத்திருக்கும். வேலையில்லாத ஞாயிறன்று, பாடசாலையிலன்றி லயத்தருகே கூடுவதே பொருத்தம். ஆசிரியர் தமது ஓய்வு நாளை இழப்பர் என்பது மெய்யே. அதற்கு ஈடான விடுப்பை வலயக் கல்வி அலுவலகம் வழங்குதல் வேண்டும்.

கூட்டத்தில் எதைப் பேசுவது என்பதும் கவனத்துக்குரியது. சிரமதானத்துக்கும் மதில் கட்டுவதற்கும் மட்டுமே பெற்றோரின் ஒப்புதல் கேட்கப்படுமாயின் அவர் கூலியில்லாத் தொழிலாளரேயாவர். கொழுந்து மிகும் காலத்தில் மாணவர் வரவு ஏன் குறைகின்றது, கணித ஆசிரியர் வெற்றிடம் எத்தனை தவணையாக நிரப்பப்படவில்லை என்பன அவர்முன் வைக்கப்பட வேண்டும். வரவு செலவுக் கணக்கு அதிபரின் அலுமாரியிலன்றி, கூட்டம் நடைபெறும் லயத்துச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். அதனைப் படித்து முதற் கேள்வி எழுப்பும் தாய்க்கு அதிபர் அளிக்கும் விடையும் கூட்டக் குறிப்பேட்டிற் பதிவாதல் வேண்டும்.