சீட்டைத் தொலைக்கக் கூடாத கடை

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், கிழக்கு ஹூஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது கட்ஸ் டெலிகடெசன். இறைச்சி சாண்ட்விச்சுக்குப் பெயர் போன இந்தக் கடை, 1888இல் ஐஸ்லண்ட் சகோதரர்களால் லட்லோ தெருவில் தொடங்கப்பட்டது. 1903இல் வில்லி கட்ஸ் பங்குதாரராகச் சேர்ந்தார். 1910இல் அவரும் அவருடைய உறவினர் பென்னியும் கடையை முழுவதுமாக வாங்கிக்கொண்டனர்.

லோயர் ஈஸ்ட் சைட் எனப்படும் அந்தப் பேட்டையில் அக்காலத்தில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஊறுகாய், உப்பிட்ட இறைச்சி, ரொட்டி விற்கும் கடைகள் அவர்களை நம்பித்தான் முளைத்தன. நகரில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த இத்தகைய கடைகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில.

கட்ஸ் கடையில் நுழைந்ததும் ஆளுக்கொரு சீட்டு கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மேடையிலும் உணவை வாங்கும்போது அதன் விலையை ஊழியர் அந்தச் சீட்டில் குறிப்பார். வெளியேறும்போது கல்லாவில் சீட்டைக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். எதுவும் சாப்பிடாதவரும் வெற்றுச் சீட்டைத் திருப்பித் தந்தாக வேண்டும். தொலைத்தால் தனிக் கட்டணம் உண்டு. கணினி பில் எங்கும் வந்துவிட்ட பிறகும் இந்த முறையை அவர்கள் கைவிடவில்லை.

கடையின் முதன்மைப் பண்டம் பஸ்ட்ராமி. ருமேனிய யூதர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பக்குவம் இது. அங்கே மலிவாகக் கிடைத்த மாட்டின் அடிவயிற்று இறைச்சியில் செய்யப்படலாயிற்று. இறைச்சியை நாள்கணக்கில் உப்பில் ஊறவைத்து, கொத்துமல்லி விதை, மிளகு, பூண்டு சேர்ந்த கலவையைப் பூசி, புகையில் வாட்டுவார்கள். பின்னர் வேகவைத்து, பரிமாறும்வரை ஆவியில் வைத்திருப்பார்கள். கொழுப்பு மிகுந்த அந்தக் கெட்டியான துண்டு, நீண்ட நேரம் சூட்டில் இருப்பதால் மெத்தென்று ஆகிவிடும். இயந்திரத்தில் சீவினால் உதிர்ந்துபோகும் என்பதால் கையாலேயே வெட்டுகிறார்கள்.

வெட்டுபவர் முன்னால் வரிசையில் நிற்பதே ஓர் அனுபவம். ஒரு துண்டை முதலில் தட்டில் வைத்து நீட்டுவார். வாடிக்கையாளர் ருசி பார்ப்பார். பக்கத்தில் அன்பளிப்புப் பணம் போடுவதற்கு ஒரு குவளை இருக்கும். கடுகு விழுது தடவிய இரண்டு ரை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சி குவியலாக அடுக்கப்படும். உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காயும் கூடவே வரும். விலை 25 டாலருக்கு மேல். ஒன்றை இருவர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. வரிசையில் நிற்க விரும்பாதவர்களுக்குச் சுவரோர மேசைகளில் பணியாளர்கள் பரிமாறுவார்கள்.

யூத மரபில் பிறந்தாலும் இது கோஷர் எனப்படும் யூத உணவு விதிகளைப் பின்பற்றும் கடை அல்ல. அவ்விதிகளின்படி இறைச்சியும் பால்பொருளும் சேரக் கூடாது. இங்கோ இறைச்சியோடு பாலாடைக்கட்டி வைத்த ரூபன் சாண்ட்விச் கிடைக்கிறது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையும் கடை திறந்திருக்கும்.

சுவர்களில் பிரபலங்களின் படங்கள் நிறைந்திருக்கின்றன. கூடவே ஒரு பழைய விளம்பரமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கடைக்காரர்களின் பிள்ளைகள் படையில் இருந்தார்கள். பெற்றோர் அவர்களுக்கு உணவு அனுப்பத் தொடங்கியதிலிருந்து, படையிலுள்ள மகனுக்கு சலாமி அனுப்பச் சொல்லும் எதுகை விளம்பரம் பிறந்தது. பதப்படுத்திய தொத்திறைச்சியான சலாமி எளிதில் கெடாது என்பதால் தொலைதூரத்துக்கும் அனுப்ப முடிந்தது. அந்த விளம்பரம் இன்றும் கடையில் தொங்குகிறது. 1989இல் வெளியான 'வென் ஹாரி மெட் சாலி' படத்தில் மெக் ரயானும் பில்லி கிரிஸ்டலும் இங்கே அமர்ந்த மேசைக்கு மேலே, அதைச் சுட்டும் ஒரு பலகை இருக்கிறது.

கட்ஸ் குடும்பத்துக்குப் பின், நூற்றாண்டு நிறைந்த 1988இல் கடை மார்ட்டின் டெல்லின் குடும்பத்திடம் வந்தது. அவருடைய பேரன் ஜேக் டெல் இப்போது நடத்துகிறார். பேட்டையில் நில மதிப்பு ஏறி, பழைய கட்டிடங்கள் அடுக்குமாடிகளாக மாறின. கட்ஸ் தன் தாழ்ந்த கட்டிடத்தின் மேலே உயரக் கட்டும் உரிமையைப் பக்கத்து மனைக்காரர்களுக்கு விற்றது. அதனால் கையில் பணம் வந்தது, கடையும் அதே இடத்தில் நிலைத்தது.