கம்பியில்லா விசைப்பலகையும் சுட்டியும்

கணினி, கணக்கிடும் ஆற்றலும் நினைவாற்றலும் மிக்கதொரு பொறி. எனினும், அது தானாக ஒன்றையும் செய்வதில்லை. செய்யவேண்டுவது இன்னது என்று மனிதன் அதற்கு அறிவித்தல் வேண்டும். அவ்வாறு அறிவிப்பதற்கு இரண்டு கருவிகள் பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று, எழுத்துகளையும் எண்களையும் தெரிவிக்கும் விசைப்பலகை. மற்றொன்று, திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டும் சுட்டி. பின்னதனை 'மவுஸ்' என்னும் ஆங்கிலப் பெயராலேயே பலரும் வழங்குவர்.

நெடுங்காலம் இவ்விரண்டும் கம்பியினால் கணினியோடு பிணைக்கப்பட்டிருந்தன. இன்றோ பல இல்லங்களில் அக்கம்பியைக் காண இயலாது. மேசையின்மேல் விசைப்பலகை தனியே இருக்கின்றது. சுட்டி தனியே இருக்கின்றது. கணினியின் யு.எஸ்.பி. துளையில் விரல்நக அளவுள்ள சிறு வாங்கி ஒன்று செருகப்பட்டிருக்கின்றது. விசையை அழுத்தியவுடன் எழுத்துத் திரையில் தோன்றுகின்றது. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? கம்பியை நீக்கியதனால் மனிதன் பெற்றது யாது? அதற்கு ஈடாக அவன்மேல் வந்த பொறுப்பு யாது? இவற்றை அறிந்து பயன்படுத்துவதே முறையாகும்.

கம்பி இருந்தபோது அதன் அருமை புலப்படவில்லை. உண்மையில் அது மூன்று தொண்டுகளை ஒருங்கே செய்துவந்தது. முதலாவது, கருவியின் செய்தியைக் கணினிக்குக் கொண்டு சென்றது. இரண்டாவது, கணினியிலிருந்து மின்சாரத்தைக் கருவிக்குக் கொண்டு வந்தது. மூன்றாவது, இந்த விசைப்பலகை இந்தக் கணினிக்கே உரியது என்னும் உறவை நிலைநாட்டி, அழுத்திய எழுத்தைப் பிறர் எளிதில் அறியாதவாறு காத்தது. முதல் இரண்டையும் பலர் அறிவர். மூன்றாவதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கம்பியை நீக்க விரும்பியவர்கள் இம்மூன்றுக்கும் வேறு வழி காண வேண்டியவர்களாயினர்.

சுட்டி என்னும் கருவியை எண்ணிக் கண்டவர் அமெரிக்க நாட்டுப் பொறியியல் அறிஞர் டக்ளஸ் எங்கல்பார்ட். அவர் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அவருடைய கருத்துக்கு உருக்கொடுத்து முதற் கருவியைச் செய்தவர் அவருடன் பணிபுரிந்த பில் இங்கிலீஷ் என்பவர். 1964ஆம் ஆண்டில் உருவான அக்கருவி ஒரு சிறு மரப்பெட்டியே. அதன் அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள் ஒன்றற்கொன்று செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று முன்பின் அசைவையும், மற்றொன்று பக்கவாட்டு அசைவையும் அளந்தது. பெட்டியிலிருந்து நீண்ட கம்பி எலியின் வாலைப் போலத் தோன்றியமையால், எலி என்று பொருள்படும் 'மவுஸ்' என்னும் பெயர் அதற்கு வாய்த்தது என்பர். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் கணினி வல்லுநர் பலர் கூடிய அவையில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். வாலினால் பெயர் பெற்ற கருவி பிற்காலத்தில் அவ்வாலை இழந்தது. ஆயினும் பெயர் மாறவில்லை.

கம்பியை நீக்கும் முயற்சிகளுள் ஒன்று ஒளியின் துணையை நாடியது. ஐ.பி.எம். நிறுவனம் 1984ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த 'பிசி ஜூனியர்' என்னும் வீட்டுக் கணினியின் விசைப்பலகை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களால் செய்தி அனுப்பிற்று. தொலைக்காட்சிப் பெட்டியை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் கருவிகள் பலவும் இம்முறையையே கையாள்கின்றன. ஆனால், இக்கதிர் நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையது. விசைப்பலகைக்கும் கணினிக்கும் இடையே ஒரு புத்தகத்தை நிறுத்தினாலும் செய்தி தடைப்படும். நாள்முழுதும் எழுதுவோர்க்கு இது பெருங்குறையன்றோ?

ஒளியால் இயலாததனை வானொலி அலை இயற்றியது. அவ்வலை மரத்தையும் துணியையும் பிளாஸ்டிக்கையும் ஊடுருவிச் செல்ல வல்லது. தொடக்கத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள் பயன்பட்டன. பின்னர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் வழக்கிற்கு வந்தன. இவை ஒரு நொடியில் 240 கோடி முறை அதிர்வன. அதிர்வு மிகுந்தால் அலையின் நீளம் குறையும் என்பது இயற்கை விதி. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறத்தாழ 12 சென்டிமீட்டரே. நீளம் குறைந்த அலையை ஏற்கச் சிறிய உறுப்பே போதும். இன்றைய வாங்கி விரல்நக அளவில் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விசையை அழுத்தும்போது நிகழ்வனவற்றை இனிக் காண்போர்க்கு ஒருண்மை விளங்கும். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணையே அனுப்புகின்றது. விசைகளின் அடியில் மின்சாரம் செல்லும் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக, சதுரங்கக் கட்டங்களைப் போல, அமைந்துள்ளன. ஒரு விசையை அழுத்தினால் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் ஒன்றையொன்று தொடும். எவ்விரு கோடுகள் தொட்டன என்பதனை உள்ளிருக்கும் நுண்செயலி கண்டறிந்து, அவ்விசைக்குரிய எண்ணைத் தேர்கின்றது. யு.எஸ்.பி. கருவிகளுக்கு வகுக்கப்பட்ட பொது முறைப்படி 'ஏ' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த விசைக்கு எண் 4; 'எச்' என்பதற்கு எண் 11. அவ்வெண்ணை எழுத்தாக மாற்றுவது கணினியின் பணி. தமிழக அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' முறையைக் கணினியில் அமைத்துக்கொண்டால், அதே 11ஆம் எண் 'க' என்னும் தமிழெழுத்தாகத் திரையில் தோன்றும். ஆதலின், தமிழெழுத வேறு விசைப்பலகை வாங்கவேண்டுவதில்லை.

இவ்வெண்ணோடு, அனுப்பும் கருவியின் அடையாளமும், செய்தி பிழையின்றி வந்ததா என்று சரிபார்ப்பதற்குரிய எண்களும் சேர்த்துக் கட்டப்படுகின்றன. அக்கட்டு வானொலி அலையில் ஏறி வாங்கியை அடைகின்றது. செய்தி சரியாக வந்ததாயின், பல கருவிகளில், வாங்கி உடனே மறுமொழி தரும். மறுமொழி வாராவிடில் விசைப்பலகை மீண்டும் அனுப்பும். இவையெல்லாம் நொடியின் மிகச் சிறிய கூற்றில் முடிந்துவிடுவதால், எழுதுவோர் தாமதத்தை உணர்வதில்லை.

சுட்டி இயங்கும் முறையும் வியப்பிற்குரியதே. அதன் அடியிலுள்ள சிறு விளக்கு மேசையின் பரப்பில் ஒளி வீசும். நுண்ணிய ஒளிப்படக் கருவி ஒன்று அப்பரப்பை ஒரு நொடியில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட முறை படம் பிடிக்கும். முன்படத்தையும் பின்படத்தையும் ஒப்புநோக்கி, எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று சுட்டி கணக்கிடும். பரப்பில் சிறிதேனும் கரடோ கோடோ இருந்தால்தான் இவ்வொப்பீடு கைகூடும். தெளிந்த கண்ணாடியின்மேல் பல சுட்டிகள் தடுமாறுவதன் காரணம் இதுவே. அடியில் ஒரு தாளை விரித்தால் தடுமாற்றம் நீங்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பெரும்பாலான நாடுகள் தனி உரிமமின்றிப் பயன்படுத்த விட்டுள்ளன. எனவே அது சந்தைத் தெருவைப் போன்று நெரிசல் மிக்கது. வீட்டிலுள்ள வைஃபை இணைப்பும், புளூடூத் கருவிகளும், உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அவ்வரிசையிலேயே இயங்குகின்றன. இந்நெரிசலைக் கடக்கும் வழிகளுள் ஒன்று, ஓரிடத்தில் நில்லாது அலைவரிசைகளில் தாவிச் செல்லுதல். பழைய புளூடூத் முறை 79 வரிசைகளுக்கிடையே ஒரு நொடியில் 1600 முறை தாவும். இக்கருத்திற்கு முன்னோடிகளுள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை. அவரும் ஜார்ஜ் ஆன்டைல் என்னும் இசையமைப்பாளரும், கடற்போரில் ஏவப்படும் நீர்மூழ்கிக் குண்டைப் பகைவர் இடையூறின்றி இயக்குதற்கு இத்தகைய முறையை வகுத்து, 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.

இனி, கம்பியின் இரண்டாம் தொண்டைக் கருதுவோம் என்பார்க்கு விடை மின்கலமே. விசைப்பலகையும் சுட்டியும் தத்தம் மின்கலத்தாலேயே வாழ்கின்றன. அதனைச் சிக்கனமாகச் செலவிடுவதற்காக, கையாளாத பொழுது அவை உறங்கும், தொட்டவுடன் விழித்துக்கொள்ளும். ஒளி வீசியும் படம் பிடித்தும் உழைப்பதனால், பொதுவாகச் சுட்டியின் மின்கலமே முதலில் தீரும். எழுத்துகள் இடையிடையே விடுபடுதலும், திரையிலுள்ள அம்புக்குறி துள்ளுதலும் மின்கலம் சோர்ந்தமைக்கு அறிகுறிகள் ஆகலாம். பழைய மின்கலத்தையும் புதிய மின்கலத்தையும் கலந்து இடுதல் கூடாது. நெடுநாள் பயன்படுத்தாவிடில் மின்கலங்களை எடுத்துவிடுதல் நன்று. இன்றேல் அவற்றிலிருந்து கசியும் இரசாயனப் பொருள் கருவியை அரித்துவிடும்.

மூன்றாம் தொண்டே அனைத்தினும் அரியது. அலை நாற்புறமும் பரவும் இயல்பினது. அது சுவரோடு நிற்பதில்லை. ஓர் இல்லத்தில் அழுத்திய விசையின் செய்தி அடுத்த இல்லத்திலும் கேட்கக்கூடும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல்லும் அவ்வழியே செல்வதாயின், அதனைப் பிறர் கவர்ந்துகொள்ள மாட்டார் என்பதற்கு உறுதி யாது? இதற்காகவே இரண்டு காவல்கள் ஏற்பட்டுள்ளன. ஒன்று, கருவியையும் வாங்கியையும் ஒன்றற்கொன்று அறிமுகப்படுத்தி இணைத்தல். தொகுதியாக விற்கப்படுவனவற்றில் இவ்விணைப்பு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டிருக்கும். புளூடூத் விசைப்பலகையாயின், கணினி 6 இலக்க எண்ணொன்றைத் திரையில் காட்டுவது வழக்கம். அதனை விசைப்பலகையில் அழுத்தினால் இணைப்பு நிறைவேறும். மற்றொரு காவல், செய்தியை மறைகுறியாக மாற்றி அனுப்புதல். மறைகுறியை மீட்கும் திறவுகோல் இணைந்த இரண்டிடமும் அன்றிப் பிறரிடம் இராது.

இக்காவல் எல்லாக் கருவிகளிலும் செம்மையாக அமைந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 'மவுஸ்ஜாக்' என்னும் குறைபாட்டை வெளிப்படுத்தினர். பல விசைப்பலகைகளின் செய்தி மறைகுறியாகச் சென்றது. சுட்டியின் செய்தியோ மறைக்கப்படவில்லை. அம்புக்குறி அசைவதைப் பிறர் அறிந்தால் தீங்கென்ன என்று செய்தோர் கருதினர் போலும்! ஆனால் சில வாங்கிகள், சுட்டியின் பெயரால் வந்த விசைச் செய்தியையும் ஐயுறாமல் ஏற்றுக்கொண்டன. அதனால், 100 மீட்டர் வரையிலான தொலைவிலிருந்தும் அயலான் ஒருவன் மலிவான கருவியைக் கொண்டு, உரியவர் அழுத்தாத விசைகளை அழுத்தியது போலச் செய்ய இயலும் என்று அவர்கள் மெய்ப்பித்தனர். அவ்வாண்டிலேயே, மலிவான சில விசைப்பலகைகள் செய்தியை மறைக்காமலேயே அனுப்பி வந்தமையும் வெளிப்பட்டது. சில நிறுவனங்கள் திருத்தம் வழங்கின. திருத்தவே இயலாத கருவிகளும் இருந்தன. பெருங்கதவைப் பூட்டிவிட்டுச் சிறு சாளரத்தைத் திறந்துவைத்தாற் போன்றது இது.

இவற்றை உணர்ந்தோர் சில நெறிகளைக் கடைப்பிடிப்பர். வாங்கும்போது, விசைப்பலகையின் செய்தி மறைகுறியாகச் செல்லுமா என்று உறையிலோ கையேட்டிலோ பார்ப்பர். நிறுவனம் திருத்தம் வெளியிட்டால் அதனைத் தவறாது ஏற்றுவர். பழைய கருவியாயின், கடவுச்சொல் எழுதும்போது கம்பியுள்ள விசைப்பலகையைக் கையாள்வர். மேசையை விட்டு எழும்போது கணினித் திரையைப் பூட்டுவர். வாங்கி மிகச் சிறிதாகையால் காணாமற் போதல் எளிது. அது போனால் தொகுதி முழுவதும் பயனற்றுப் போதலும் உண்டு. பல கருவிகளில் மின்கல அறையின் அருகே வாங்கிக்கென ஓர் இடம் விடப்பட்டிருக்கும். பயணத்தின்போது அதனை அங்கே வைத்தல் நன்று.

வாங்கியைச் செருகும் இடமும் கருதத்தக்கது. யு.எஸ்.பி. 3.0 துளைகளில் செய்தி விரைந்து செல்லும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடையூறு செய்யும் என்பது 2012ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஆய்வால் விளங்கியது. ஆகவே, அத்துளையில் தகவல் வட்டு முதலியன இயங்கும்போது வாங்கியை அதற்கு அப்பால் செருகுதல் வேண்டும். மேசையின் அடியில் இரும்புப் பெட்டிக்குப் பின்புறம் வாங்கி மறைந்திருந்தால், சிறு நீட்டிப்புக் கம்பியொன்றினால் அதனை மேசைமேல் கொணரலாம். கம்பியில்லாக் கருவிக்கும் சிறிது கம்பி துணைசெய்வதில் இழுக்கில்லை.

கம்பி நீங்கியதனால் மேசை தெளிந்தது. கை விரும்பிய இடத்தில் இருந்து எழுதுகின்றது. நாற்காலியை விட்டு அசைய இயலாதார் மடியில் வைத்தும் விசைப்பலகையை இயக்குகின்றனர். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும், கம்பி ஒழிந்ததே அன்றி அதன் கடமைகள் ஒழியவில்லை. செய்தியைச் சுமக்கும் கடமையை அலை ஏற்றது. ஆற்றலை ஊட்டும் கடமையை மின்கலம் ஏற்றது. மறைவைக் காக்கும் கடமையைக் கருவியும் அதனைக் கையாளும் மனிதனும் பகிர்ந்து ஏற்றனர். கண்ணுக்குத் தெரிந்த கம்பியைக் காத்தல் எளிது. கண்ணுக்குத் தெரியாத இணைப்பைக் காத்தற்கு அறிவு வேண்டும். அவ்வறிவோடு கையாள்வார்க்கு இக்கருவிகள் என்றும் நல்ல ஏவலாளராய் விளங்கும்.