ஒரு பொடியின் இரு ரூபங்கள்

கும்பினியார் 18-ஆம் நூற்றாண்டில் நெசவாளருக்கென அமைத்த சிந்தாதிரிப்பேட்டையின் வீடுகளில் இன்று சுவரோடு ஒட்டி இறங்கும் விறைப்பான குழாயும், விரலுக்கு வளையும் மின்கம்பி உறையும் பி.வி.சி. என்ற ஒரே வெண்பொடியின் சந்ததிகள் என்றால் நம்புவது சற்றுக் கடினந்தான். தனியே காய்ச்சினால் ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கிக் கருகும் சுபாவமுள்ள அப்பொடியில், உஷ்ணம் தாங்க நிலைப்படுத்தியும், வெயிலுக்குக் காப்பாக டைட்டானியம் டையாக்சைடும், (செலவையும் உத்தேசித்து) சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து, திருகு சுழலும் சூடான உருளையில் உருக்கி, முறுக்குப் பிழிவதுபோல் அச்சுவாய் வழியே பிதுக்கினால் குழாய். இளக்கும் எண்ணெயையும் கூட்டிச் செப்புக் கம்பியின்மேல் பிதுக்கினால் உறை. இத்தகைய பிளாஸ்டிக் வித்தைகளைப் போதிக்கவே 1968-இல் கிண்டியில் சிப்பெட் என்னும் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. வருஷங்கள் செல்ல அவ்வெண்ணெய் மெல்லக் கசிந்து உறை வெடிக்குமாதலால், பழைய வீட்டுக்காரர்கள் கம்பிகளை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நலம்.