மேகம் மூடிய நாளின் கணக்கு

நம் கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தை நாம் அனைவரும் அறிவோம். அங்கே 1904 முதல், வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் புகைப்படம் எடுத்து வருகிறார்கள். அந்தப் பழைய படங்கள் இன்று கணிப்பொறியில் ஏற்றப்பட்டுள்ளன. நூறாண்டுக் கணக்கை ஒவ்வொரு படமாகப் பார்த்து யாரால் கூட்ட முடியும்?

இங்கேதான் தரவுத்தளம் உதவுகிறது. அது ஒரு பெரிய பதிவேடு போன்றது. நாளுக்கு ஒரு வரி; அதில் தேதிக்கு ஒரு கட்டம், சூரியனில் தெரிந்த கரும்புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். பல வரிகளைத் திரட்டி ஒரே விடையாகத் தரும் கட்டளைகள் எஸ்.க்யூ.எல். என்னும் கணிப்பொறி மொழியில் உள்ளன. 'கவுண்ட்' எண்ணும், 'சம்' கூட்டும், 'ஏ.வி.ஜி.' சராசரி தரும். 'மேக்ஸ்' மிகப் பெரியதையும் 'மின்' மிகச் சிறியதையும் எடுத்துக் கொடுக்கும். இவற்றோடு 'குரூப் பை' என்பதைச் சேர்த்தால் ஆண்டுவாரியாக விடை கிடைக்கும். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை அதில் காணலாம்.

ஆனால் நம் மலையில் மேகம் சொல்லாமல் வரும்! ஐந்து நாள்களில் புள்ளிகள் 4, 6, மேகம், 0, 2 என்று கொள்வோம். மேகம் மூடிய நாளின் கட்டத்தில் எதுவும் எழுதாமல் விடவேண்டும். இந்த வெற்றிடத்திற்கு 'நல்' என்று பெயர். ஏ.வி.ஜி. அதைச் சேர்க்காமல் 12-ஐ 4-ஆல் வகுத்து 3 என்று சொல்லும். அவசரப்பட்டு அங்கே 0 எழுதிவிட்டால், 12-ஐ 5-ஆல் வகுத்து 2.4 என்று சொல்லிவிடும். நான்காம் நாளின் 0 உண்மையானது. அன்று சூரியனைப் பார்த்தார்கள், புள்ளி இல்லை. மூன்றாம் நாளோ சூரியனையே பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றாகுமா? இப்படி எழுதிக்கொண்டே போனால், மழைக்காலம் வந்தாலே சூரியனில் புள்ளிகள் குறைந்துவிடுவதாகப் பொய்க் கணக்கு வரும்.

எத்தனை நாள் பார்த்தோம் என்று அறியவும் வழியுண்டு. கவுண்ட்டிற்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் 5 வரிகளையும் எண்ணும். புள்ளிக் கட்டத்தின் பெயரைக் கொடுத்தால் 4 என்றே சொல்லும்.

காய்ச்சலால் தேர்வுக்கு வராத தோழியின் பெயருக்கு நேரே 0 போட்டால் அவள் மனம் எவ்வளவு வருந்தும்! வகுப்பின் சராசரியும் தவறாகும். கணிப்பொறி நாம் எழுதியதைத்தான் கூட்டும். ஆகவே தோழியரே, தெரியாத இடத்தில் பூஜ்யம் எழுதாமல், வெற்றிடமாக விடப் பழகுவோம்.

பத்தாம் வகுப்பு மாணவி